நடுவாந்திரத்தில் ஒரு பூ

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு அம்மன் இருந்தாள் என்றுதான் இந்தக் கதையை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இருந்தாளா என்பதே கதையாகிப் போனதால், ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு அம்மன் கோயில் இருந்தது என்று ஆரம்பிப்பதுதான் நியாயம். ஊருக்குப் பெயர் எருக்கலம்பாளையம். அம்மனுக்குப் பெயர் கரைநாச்சி. குளம் வற்றி, குளத்துக்குள் சீமைக்கருவேலம் முளைத்து, கரை எது குளம் எது என்று ஆடுகளுக்கே தெரியாமல் போன பிறகும் அவள் கரைநாச்சியாகவே இருந்தாள்.

அந்த ஊரில் யாரும் எதையும் தானாக முடிவு செய்ததில்லை. வெள்ளிக்கிழமை உச்சிப் பூசை முடிந்ததும் பூசாரி பொங்கியண்ணன் ஒரு செவ்வரளிப் பூவைத் தண்ணீரில் நனைத்து அம்மன் தலையுச்சியில் ஒட்டி வைப்பார். கேட்க வந்தவர்கள் ஊர் காதில் விழும்படி உரக்கக் கேட்பார்கள். பூ அம்மனுக்கு வலப்பக்கம் விழுந்தால் செய். இடப்பக்கம் விழுந்தால் செய்யாதே. அந்த வீட்டில் பெண் எடுக்கலாமா என்பதும் பூ, மேற்கு மூலையில் தண்ணீருக்குப் போர் போடலாமா என்பதும் பூ, சினை மாட்டை விற்கலாமா என்பதும், மருமகளைத் தனிக்குடித்தனம் அனுப்பலாமா என்பதும், பையனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கலாமா என்பதும் பூ. விழும்வரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், விழுந்ததும் மூச்சை விடும். செய்தது சரியாக வந்தால் அம்மன் புண்ணியம், தப்பாக வந்தால் அம்மன் சோதனை. எப்படி வந்தாலும் மனிதர்கள் இரவில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மாராத்தாளும் அப்படித் தூங்கியவள்தான். ஊரின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, மூன்று நாளைக்கு ஒரு தரம் தெருத்தெருவாக வால்வு திறந்துவிடுவது அவள் வேலை. அவள் புருசன் சென்னியப்பன் பால் வண்டி ஓட்டினான். ஒரே பெண். நாலு வருசம் பொய்த்த மழை கொட்டித் தீர்த்த அன்றைக்குப் பிறந்ததால் வர்ஷினி என்று பெயர் வைத்தார்கள். ஏழு வயதில் அந்தப் பெண் பள்ளிக்கூடத்துப் படி ஏறினாலே உதடு நீலம் பூத்தது. கோயம்புத்தூரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சுக்குள் ஓட்டை இருக்கிறது, தள்ளிப்போடாமல் ஆபரேசன் செய்துவிடுங்கள் என்றார். ஊருக்கு வந்து பூக் கேட்டார்கள். பூ இடப்பக்கம் விழுந்தது. மாராத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மனே பார்த்துக்கொள்வாள் என்று மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பதினான்கு மாதம் அம்மன் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரு புதன்கிழமை, மேல்தெரு வால்வடியில் அம்மாவுக்காகக் குடம் நகர்த்திக்கொண்டிருந்த வர்ஷினி அந்தக் குடத்தின்மேலேயே தலை சாய்த்துக்கொண்டாள்.

அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றார்கள். மாராத்தாளும் அதையே சொல்லிக்கொண்டு ஆறு வருசம் வால்வு திறந்தாள்.

ஏழாம் வருசம் கரூர்ப் பக்கமிருந்து ஒரு தையல்காரர் குடும்பத்தோடு ஊருக்குக் குடிவந்தார். அவருடைய பெண்ணுக்கும் அதே உதடு, அதே நீலம். அவர் அசலூர்க்காரர், பூக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்வதற்குள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். பங்குனி பிறந்ததும் ஒரு காலையில் மேல்தெருவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மாராத்தாள் பார்த்தாள்: அந்தப் பெண் தெருக்கோடியிலிருந்து ஓடிவந்து, மூச்சு வாங்காமல், குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடியது. அன்றைக்கு மேல்தெருக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் வந்தது. மாராத்தாள் வால்வை அடைக்க மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

வந்த வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்கு அவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு போனாள்.

"என்ன கேக்கோணும் அம்முணி?" என்றார் பொங்கியண்ணன்.

"பூவை வைங்கண்ணா. நானே கேட்டுக்கறேன்."

அவர் பூவை நனைத்து வைத்தார். மாராத்தாள் கும்பிடவில்லை. வால்வுச் சாவி பிடித்துக் காய்ப்பேறிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏழு வருசத்துக்கு முந்தி என்ற புள்ளைக்கு ஆபரேசன் வேண்டாம்னு எடப்பக்கம் ஒரு பூவு விழுந்துச்சு. அதைச் சொன்னது நீதானா? நீதான்னா வலம். இல்லைன்னா எடம்."

கூட்டத்தில் சலசலப்பு ஓடியது. "நடந்து முடிஞ்சதைக் கேக்கப்படாதும்மா," என்றார் பூசாரி. "செய்யலாமா வேண்டாமான்னுதான் கேக்கோணும். அம்மனையே நீதானான்னு கேக்கறதுக்கு மொறை கெடையாது."

"விழுகட்டுங்கண்ணா. விழுந்தாப் போயிட்டு வர்றேன்."

பூ அசைந்தது. உச்சியை விட்டு நழுவியது. வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை, நேர் முன்னால் இறங்கி, நெற்றியைத் தாண்டி, மூக்குத்தியைத் தாண்டி, தாலிக்கு எதிரே வந்ததும் நின்றுகொண்டது. கல்லுக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி, பீடத்துக்கும் அதற்கும் ஒரு சாண். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிற்பதுபோல அவசரமில்லாமல் நின்றது.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு எவ்வளவு நேரம்தான் பிடிப்பது என்று மூச்சை விட்டது. பிறகு சோற்று நேரம் ஆகிவிட்டதால் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்காலம் வந்து பார்த்தார்கள், நின்றது. மறுநாள் பார்த்தார்கள், நின்றது. பொங்கியண்ணன் மேலே ஒரு தரமும் கீழே ஒரு தரமும் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, அபிசேகத் தண்ணீர் பூவின்மேல் படாமல் பக்கவாட்டில் ஊற்றப் பழகிக்கொண்டார். சேலை சாத்தும்போது கொசுவத்தை அதற்குத் தகுந்தாற்போல் ஒதுக்கி மடித்தார். பூ வாடவில்லை. ஒரே ஒரு கட்டெறும்பு எப்படியோ அதில் ஏறிவிட்டு, இறங்க வழி தெரியாமல் இதழோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். ஒரு மடத்துச் சாமியார் வந்து, அம்மனின் திருவிளையாடல் என்று மைக்கில் சொல்லிவிட்டு, போகும்போது பூசாரியை ஓரமாக அழைத்து, "நெசமாவே நூலு கட்டலையா?" என்று கேட்டார். ஈரோட்டுக் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஒருவர், முப்பது வருசமாகச் சாமி இல்லை என்று மேடை போட்டுப் பேசியவர், டார்ச்சும் கண்ணாடியும் காந்தமும் கொண்டுவந்து மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் ராக்கியண்ணன் டீக்கடையில் வந்து அமர்ந்து, "இருக்குதுன்னு நான் சொல்ல மாட்டேங்க. இல்லைன்னு சொல்லிட்டிருந்தேன், இனி அதையும் சொல்ல முடியாது போலிருக்குங்க," என்றார். சாமியாரைவிட அவர்தான் ரொம்ப வாடிப்போய்த் திரும்பினார் என்று ராக்கியண்ணன் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அட, நம்ம பட்டா மாறுதல் பைலு தாலுக்கா ஆபீசுல நிக்குதல்ல, அந்த மாதிரிதான் இதும்," என்பார் டீ ஆற்றிக்கொண்டே. "மேலிடத்துல இன்னும் கையெழுத்தாகலை."

ஊருக்குள் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், பூவு எறங்குச்சா என்று கேட்பது வழக்கமானது. பூ ஒரு மயிரிழை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு கூட்டமும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு கூட்டமும் சேர்ந்து, வலத்தார் இடத்தார் என்று ஆகி, கொஞ்ச நாள் பேச்சுவார்த்தைகூட இல்லாமல் இருந்தார்கள். பிறகு கோயிலுக்குள் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோமோ அதன் எதிர்ப்பக்கம் சாய்ந்தாற்போலத் தெரிகிறது என்று தெரிந்ததும் இரண்டு கூட்டமும் வெட்கப்பட்டுக் கலைந்தன.

ஆனால் ஒரு கேள்வி முடியாமல் அடுத்த கேள்வி கேட்க முடியாது. அம்மன் தலையில் இன்னொரு பூ வைக்கப் பொங்கியண்ணனுக்குக் கை வரவில்லை. நிச்சயமான கல்யாணங்கள் நின்றன. விற்க வேண்டிய மாடுகள் கட்டுத்தறியிலேயே கன்று போட்டன. கண்ணில் புரை விழுந்தவர்கள் தடவித் தடவி நடந்தார்கள். தானாக முடிவு செய்து பழக்கமில்லாத ஊர், ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு புரண்டு படுத்தது; காலையில் கண் சிவந்து எழுந்து, இத்தனைக்கும் காரணம் யார் என்று யோசித்தது.

"உன்னோட கேள்வியாலதான்," என்று முதலில் ஒரு பெண் குடிநீர்க் குழாயடியில் சொன்னாள். அதன்பிறகு எல்லோரும் சொன்னார்கள். பிறகு யாரும் மாராத்தாளிடம் எதுவும் சொல்லவில்லை; அவள் விட்ட தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவளை அரித்தது வேறு. சென்னியப்பன் அந்தப் பூ நின்ற நாளிலிருந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்து, தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தான். ஊர் அவளிடம் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அவன் கேட்டான்.

"போதும் மாராத்தா. அந்தக் கேள்வியத் திருப்பி வாங்கிக்க."

"வாங்கிக்கிட்டா?"

"பூவு விழுந்துரும். ஊரு பொழைச்சுக்கும்."

"நீங்க?"

அவன் பால் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய்க்குள் ஒரு காற்றுச் சத்தம் வரும். தொட்டிக்காரிக்கு மட்டும் அது காதில் விழும். அது போல ஏதோ ஒன்று எங்கிருந்தோ கிளம்பிவிட்டது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

ஏழு மாதம் ஆனது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் ஊர் கோயிலில் கூடி அவளைக் கூப்பிட்டு அனுப்பியது. தர்மகர்த்தா குழந்தைவேலு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"உன்ற பொண்ணுக்கு நாங்களுந்தான் அழுதம்மா. இல்லைன்னு சொல்ல மாட்டே. அதுக்காவ ஒரு ஊரு எத்தன நாளைக்கு இப்பிடி அந்தரத்துல நிக்கறது? கேட்டவதான் திருப்பி வாங்க முடியும். வாங்கிக்க, சாமி."

"வாங்கிக்கறேனுங்க," என்றாள் மாராத்தாள். "அம்மனுக்குத்தான் சொல்லத் தெரியலை. வேற ஆருக்காவது தெரியும்னா அதைச் சொல்லிரட்டும். நான் வாங்கிட்டுப் போயிர்றேன்."

வெளியே ஒரு ஆடு செருமியது. பூத்தட்டோடு நின்றிருந்த பொங்கியண்ணன் மெதுவாகத் தட்டைக் கீழே வைத்து, அதன் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மன் மேல பழி வேண்டாம்மா," என்றார். தட்டிலிருந்து ஒரு அரளியை எடுத்து, காம்போரத்தில் ஒரு பக்கம் நகத்தால் கிள்ளி, தண்ணீர் தொட்டு, பக்கத்தில் இருந்த குத்துவிளக்கின் தலையில் வைத்தார். கிள்ளிய பக்கமாகவே அது சாய்ந்து விழுந்தது. "எங்கய்யன் காட்டிக் குடுத்தது. எந்தப் பக்கம் கிள்ளறமோ அந்தப் பக்கம். அன்னிக்கு எடப்பக்கம் கிள்ளி வெச்சது நானு."

மாராத்தாள் விளக்கடியில் கிடந்த பூவைப் பார்த்தாள். "ஆரு சொல்லிக் கிள்ளுனீங்க?"

பூசாரி தரையைப் பார்த்தார். கூட்டத்தை முழுக்கப் பார்த்தார். ஒரே ஒரு தூணை மட்டும் பார்க்கவில்லை. அவர் பார்க்காத அந்தத் தூணை ஊரே திரும்பிப் பார்த்தது. அங்கே சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடச் சொன்னாங்க," என்றான் அவன். குரல் பால் வண்டியின் பழைய ஹாரன் போலக் கம்மியிருந்தது. "நான் போட்டு, அங்க மேசையிலயே போயிருச்சுன்னா, நாந்தான் அனுப்புனேன்னு ஆயுசுக்கும் இருக்கும். உன்ற மூஞ்சில எப்பிடி முழிக்கறது. நூத்துக்குப் பத்துப் பேரு பொழைக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரு. அதுதான் என்ற காதுல விழுந்துச்சு. அம்மன் வேண்டாம்னுட்டான்னு இருக்கட்டும்னு..."

"தொண்ணூறு விழுகலையா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். வால்வு எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்கிறவள் ஆட்டுவதுபோல.

தர்மகர்த்தாவுக்குத்தான் கோபம் வந்தது. "ஏனப்பா பொங்கியண்ணா, சாமி பூவையே கிள்ளி வெச்சியா நீயி? ஊரே உன்னை நம்பித்தானப்பா..."

"உங்க பெரிய பையன் கண்ணாலத்துக்கு வலப்பக்கம் கிள்ளச் சொன்னது ஆருங்க?" என்றார் பூசாரி, தலையைத் தூக்காமலே.

குழந்தைவேலு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ராக்கியண்ணன் தொண்டையைக் கனைத்து, "எங்கூட்டுப் போர் விசயத்துல மட்டும் ஒரு தடவை நான் சொன்னதுண்டு," என்றார், கேட்காமலேயே. ஒரு கிழவர், மருமகள் விசயம், ஒரே ஒரு தரம் என்றார். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படி ஒவ்வொருவராக, யாரும் வற்புறுத்தாமலேயே, கொல்லைப்புற வழியாகப் பூசாரி வீட்டுக்குப் போய்க் காதில் சொல்லிவிட்டு வந்த அந்த ஒரே ஒரு தரத்தைச் சொல்லச் சொல்ல, ஊருக்கு ஒன்று விளங்கியது: தன் வீட்டுப் பூ மட்டும்தான் பொய், மற்ற எல்லோருடைய பூவும் அம்மன் சொன்னது என்று ஒவ்வொரு வீடும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மற்ற எல்லோர்மேலும் வைத்த நம்பிக்கைதான் அந்தக் கோயிலுக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு தரம்கூடக் காதில் போய்ச் சொல்லாதவள், விழுந்த பூவை விழுந்த பூ என்றே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள், அங்கே ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எல்லோருடைய பார்வையும் கருவறைக்குப் போனது. அங்கே ஒரு பூ, யாரும் கிள்ளச் சொல்லாத ஒரே பூ, இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"அப்ப இது?" என்றார் தர்மகர்த்தா.

"இது நானில்லைங்க," என்றார் பூசாரி. "எனக்குத் தெரியாதுங்க."

மாராத்தாள் கருவறைப் படி வரைக்கும் போனாள். அம்மனின் முகத்துக்கு நேராக நின்றாள். கண்மலர் பதித்த கண்கள் அவளைப் பார்த்தன, அல்லது பார்ப்பதுபோல அடித்து வைக்கப்பட்டிருந்தன.

"ஏழு மாசமா ஒரு பூவைப் புடிச்சுக்கிட்டு நிக்கற," என்றாள். "புடிக்கத் தெரிஞ்சிருக்குது உனக்கு. அன்னிக்கும் புடிச்சிருக்கலாமில்ல. ஒரு நிமிசம் புடிச்சிருந்தீன்னாப் போதும், நாங்க கோயமுத்தூர் பஸ் ஏறியிருப்போம்."

பதில் வருவதற்கான நேரம் விட்டாள். வரவில்லை.

"அது நீயில்லைன்னா, நீ அங்க என்ன பண்ணிட்டிருக்கற?"

அதற்கும் நேரம் விட்டாள். பிறகு அம்மன் பக்கம் பார்த்தபடியே ஊருக்குச் சொன்னாள்: "கேள்விய நான் வாங்கிக்கலைங்க. அது இங்கயே கெடக்கட்டும். பதிலு எனக்கு வேண்டாம்."

அப்படிச் சொன்னால் பூ விழுமா விழாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பூவுக்கும் தெரியாததுபோல இருந்தது. சற்று நேரம் காத்திருந்தார்கள். பிறகு கிளம்பத் தொடங்கினார்கள். தர்மகர்த்தா முதலில் போனார், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, மாற்றிப் போட்டது தெரியாமல். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். நிறுத்தி வைத்த கல்யாணத்தை இந்தத் தையிலேயே வைத்துவிடலாம் என்று ஒருவர் இன்னொருவரிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு போனார். பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க என்றார் அந்த இன்னொருவர். ராக்கியண்ணன் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்து ஓடினார்.

சென்னியப்பன் வாசலில் நின்றான்.

"வா, போலாம்," என்றான்.

"நீங்க போங்க."

"வருவீல்ல?"

அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். பால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது; ஒரு தரம் அணைந்து, மறுபடி கிளம்பி, வளைவில் தேய்ந்தது. கடைசியாகப் பொங்கியண்ணன் எழுந்தார். கோயில் சாவியை ஆணியில் மாட்டினார். "பூட்டிக்கறியா அம்முணி?" என்று கேட்டுவிட்டு, "பூட்டி என்ன," என்று தனக்கே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார். ஏழு தலைமுறையாகக் கிள்ளிய நகத்தை இன்னொரு கையால் மூடிக்கொண்டிருந்தார்.

இப்போது கோயிலில் அவளும் பூவும் மட்டும். கை நீட்டினால் எட்டுகிற தூரம். அம்மன் இருக்கிறாள் என்றால், இந்தக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அவள் என் பிள்ளையை விட்டுவிட்டாள். இல்லை என்றால், இல்லாத ஒருத்தியிடம் என் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் பதினான்கு மாதம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டில் எது நிஜமாக இருந்தால் தேவலை என்று அவள் தேடிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது பசி மாதிரி இருந்தது. உடம்போடு இருந்தது, நடக்கவும் விட்டது.

அவள் கையை நீட்டினாள். பூவைத் தொடவில்லை. இதழோரத்தில் விரல் நுனியை வைத்துக் காத்திருந்தாள். ஏழு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்த கட்டெறும்பு இரண்டு தரம் மோந்து பார்த்துவிட்டு விரலில் ஏறியது. குனிந்து அதை நிலைப்படியில் இறக்கிவிட்டாள். அது திரும்பிப் பார்க்காமல் ஒரு விரிசலுக்குள் போயிற்று.

மேல்தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நாள் அது. இந்நேரம் தையல்காரர் வீட்டுப் பெண் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் குதித்துக்கொண்டிருக்கும். மாராத்தாள் வரும்போது தூணோரம் சாத்திவைத்த நீள இரும்பு வால்வுச் சாவியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கி, வெயிலில் நடந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. கல்லின்மேல் பூ விழுந்தால் சத்தம் வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் காது கொடுக்காமலேயே நடந்தாள்.